விரல் நுனியில் ஒரு சோதனை

‘செப்ஸிஸ்’ என்னும் வியாதியில், கிருமித் தொற்றை எதிர்க்கப் புகும் தேகமே தன் அங்கங்களைக் கெடுத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலை வந்துவிட்டால், உயிர் நிற்பது மணிக்கணக்கில்தான். யார் பிழைப்பர் என்று முன்னறிய, ரத்தவோட்டம் எவ்வளவு குன்றியதென வைத்தியர் அறிய வேண்டும்.

இதற்கு ரசாயன சோதனையும் விலையுயர்ந்த கருவிகளுமே வழியென்று பலர் நம்பியிருந்தனர். அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய 5 தேசங்களின் வைத்தியர்கள் வேறு வழியை ஆராய்ந்தனர். 2019-ல் வெளியான அப்பரிசோதனையில் 424 நோயாளிகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவாருக்கு ரத்தத்திலுள்ள லாக்டேட் அளவைக் கொண்டு சிகிச்சை நடந்தது. மற்றவர்க்கு, விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் 10 விநாடி அழுத்தி விட்டு, வெளுத்த தோல் பழைய நிறம் பெறும் நேரத்தைக் கணக்கிட்டனர்; 3 விநாடிக்கு மேற்பட்டால் அபாயக்குறி. 28 நாட்களுக்குள் முதற்பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேரும், இரண்டாவதில் 35 பேரும் மாண்டனர்.

இவ்வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாமெனக் கணித சாஸ்திரம் எச்சரிப்பதை நாம் மறைக்கவில்லை. எனினும் 2021-ஆம் வருஷத்துச் சர்வதேச சிகிச்சை விதிகள், மற்ற அளவைகளுக்குத் துணையாக இதனைக் கொள்ளுமாறு கூறுகின்றன.

கருவியில்லை, பணமில்லை என்று ஏழைகளின் ஆஸ்பத்திரிகளைக் கைவிடும் சர்க்கார்களுக்கு இனி அச்சாக்குச் செல்லாது. கண்ணாடித் துண்டும் கடிகாரமும் எங்குமுண்டு. அரைமணிக்கொருதரம் பார்க்கும் பயின்ற கண்ணே வேண்டும். அப்பயிற்சியை ஒவ்வொரு தாதிக்கும் அளிப்பதே சர்க்காரின் கடமை.