என்கவுன்டருக்குக் கைதட்டலாமா?

2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றே நாளில் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ரவுடிகளுக்கு அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்லுவோம் என்றார் புதிய ஆணையர் அருண். ஜூலை 14 அதிகாலையில், ஆயுதங்களைக் கைப்பற்ற அழைத்துச் செல்லப்பட்ட விசாரணைக் கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தப்பிக்கப் பார்த்தார், எங்களைச் சுட்டார் என்றது போலீஸ். வழக்கமாகக் கேட்கும் கதைதான்.

'அப்படித்தான் செய்யணும்' என்று தருமபுரத்திலும் சொல்பவர்கள் உண்டு. தலைவரை இழந்தவர்களின் கோபம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் செத்தவர் இனிக் கூண்டில் ஏறப்போவதில்லை. ஏவியது யார், பணம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. இதில் லாபம் யாருக்கு?

பி.யு.சி.எல். வழக்கில் 2014இலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்துவிட்டது. என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை, சிஐடியோ வேறு காவல் நிலையத்தாரோ நடத்தும் புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும்; சுட்டவருக்கு உடனடிப் பதவி உயர்வு கூடாது.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம்மவர். போலீசின் துப்பாக்கிக்கு நாம் கைதட்டினால் அடுத்து அது யார் வீட்டுப் பிள்ளையை நோக்கித் திரும்பும்? ஆம்ஸ்ட்ராங் வழக்கறிஞராகவும் இருந்தவர். அவருக்காக நாம் கேட்க வேண்டியது சாட்சிகளுக்குப் பாதுகாப்பும், தாமதமில்லாத விசாரணையும், ஏவியவர்வரை எட்டும் தீர்ப்பும்.