புறநகர் வாசமும் விளைநிலமும்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு மேற்கே லிங்கன் என்றோர் ஊர் உண்டு. 1754-ம் வருஷத்தில் ஏற்பட்ட இவ்வூர் முன்னாளில் குடியானவர்களின் கிராமம். இப்போதோ, நகரத்தில் பொருளீட்டுவோர் மரநிழலையும் வயல்வெளியையும் நாடிக் குடியேறியிருக்கும் செல்வர் ஊர். கிராமத் தோற்றம் கெடாதிருக்கும் பொருட்டு, ஊரின் பெரும்பகுதியில் வீட்டு மனை 80,000 சதுர அடிக்குக் குறையலாகாதென விதி செய்துள்ளனர். அஃது ஏறக்குறைய 2 ஏக்கரா.

இவ்விதி தோற்றத்தைக் காத்ததேயன்றி உழவைக் காக்கவில்லை. வீட்டைச் சூழ்ந்த புல்தரையில் பசுவும் மேய்வதில்லை, கலப்பையும் செல்வதில்லை. மனை பெரிதாகவே கிரயமும் உயர்ந்தது. பண்ணையில் வேலை செய்பவன் அங்கே வீடு வாங்குதல் அரிது. இத்தகைய ஊர்களில் எருவின் நாற்றத்தைக் குறைகூறுவோரும், கிராமவாசத்தை விரும்பி வந்தவர்களே என்பது வேடிக்கை!

நிலத்தைக் காப்பவை வேறு ஏற்பாடுகள். லிங்கன் அடங்கிய மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் 1973-ம் வருஷத்துச் சட்டப்படி, 5 ஏக்கராவுக்குக் குறையாமல் சாகுபடி செய்வோர் மனுச் செய்துகொண்டால், மனை மதிப்பை விடுத்து விவசாய மதிப்பின்மேலேயே வரி விதிக்கப்படும். பின்னர் அந்நிலத்தை வீடு கட்டுவதற்கு விற்க முற்பட்டால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ள ஊராருக்கு 120 நாள் முன்னுரிமை உண்டு. ஆயினும் பொக்கிஷத்தில் பணமில்லாத ஊர் அந்த 120 நாளில் என் செய்யும்?

1977-ம் வருஷத்துச் சட்டமே மேலானது. அதன்படி, கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஸர்க்கார் விலைக்கு வாங்குகிறது. நிலம் உழுபவனிடமே நிற்கிறது. அவனுக்குப் பணமும் கிடைக்கிறது. பிற்காலத்தில் எவர் வாங்கினும் அதனை வீட்டு மனைகளாகப் பிரிக்க இயலாது.