ஈயிடமும் பாடம் உண்டு



வெயில் காலத்தில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பண்ருட்டிப் பலாவின் மணம் நம்மை வரவேற்கும். வண்டியின் மேலே பொன்னிறச் சுளைகள்; வண்டியின் கீழே எறியப்பட்ட சக்கை. அந்தச் சக்கையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். எள்ளளவே உள்ள, சிவந்த கண்களையுடைய சின்னஞ்சிறு ஈக்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்துக் கொண்டிருக்கும். இவையே பழ ஈக்கள். புளித்து நுரைக்கும் பழத்தில் சர்க்கரை சாராயமாக மாறுகிறது. அந்த வாசனையே இவற்றை அழைத்து வருகிறது.

எங்கள் அறிவியல் ஆசிரியை ஒருநாள் வகுப்பில், "போதைப் பொருள் உடலில் என்ன ஆகிறது என்பதை அறிய விஞ்ஞானிகள் பழ ஈக்களுக்குச் சாராய ஆவி கொடுத்துப் பார்க்கிறார்கள்" என்று சொன்னார்கள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ஈக்கும் டாஸ்மாக்கா டீச்சர்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தவறானது என்று இன்று நினைக்கிறேன். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஈயைப் போய் ஏன் ஆராய வேண்டும்? காரணம் உண்டு. முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக மாற அதற்குப் பத்து நாட்களே போதும். ஒரு கண்ணாடிப் புட்டியும் சிறிது கூழும் இருந்தால் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, 1910இல் சிவப்புக் கண் ஈக்களிடையே ஒரு வெள்ளைக் கண் ஈயைக் கண்டார். அதைக் கொண்டே மரபுப் பண்புகள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்பதை நிலைநாட்டினார். 1933இல் நோபல் பரிசு பெற்றார். ஈயின் வளர்ச்சியை ஆராய்ந்ததற்காக 1995இல் அதே பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர், கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. நம் நாட்டிலும் வெரோனிகா ரோட்ரிக்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி, ஈ எவ்வாறு மணத்தையும் சுவையையும் அறிகிறது என்பதை மும்பையிலும் பெங்களூரிலும் இருந்து பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மனிதரின் நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவுக்கு ஈயிடமும் இணையான மரபணு உண்டு என்கிறார்கள். ஆகவே ஈ நமக்கு அவ்வளவு அந்நியம் அல்ல.

இனி அந்தச் சாராயச் சோதனைக்கு வருவோம். ஓர் ஆள் மார்பளவு உயரமுள்ள கண்ணாடிக் குழாய். அதன் உள்ளே படிப்படியாகச் சாய்வான வலைத் தட்டுகள். குழாயினுள் சாராய ஆவியைச் செலுத்தி, மேலே ஈக்களை விடுவார்கள். முதலில் ஈக்கள் பரபரப்பாக ஓடும். பிறகு கால் தடுமாறும். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு விழும், சமாளித்து நிற்கும், மீண்டும் விழும். கடைசியில் அடியில் வந்து சேரும். சாதாரண ஈ அவ்வாறு வந்து சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும். சான் பிரான்சிஸ்கோ நகரில் உல்ரிகே ஹேபர்லைன் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்தக் குழாயைக் கொண்டு, மற்றவற்றைவிட விரைவில் விழும் ஈ வகை ஒன்றைக் கண்டறிந்து 1998இல் வெளியிட்டார்கள். அதன் ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தது. ஆகவே, ஒரே அளவு போதைக்கு ஓர் உடல் விழுவதும் மற்றோர் உடல் நிற்பதும் மன உறுதியினால் மட்டும் அல்ல; பிறப்பிலேயே எழுதி வைத்த எழுத்தும் அதில் உண்டு.

இன்னொன்றும் கண்டார்கள். ஒருமுறை விழுந்து தெளிந்த ஈயைச் சில மணி நேரம் கழித்து மீண்டும் குழாயில் விட்டால், இம்முறை விழுவதற்கு அதிக நேரம் எடுத்துக் கொள்கிறது. உடல் பழகிவிட்டது. முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்தது. அவர் விழுப்புரத்தில் இருக்கிறார். விடுமுறைக்குத் திண்டிவனத்திலிருந்து நாங்கள் போகும்போதெல்லாம் பெரியம்மா சொல்வார்கள்: "மத்தவங்க மாதிரி இல்லடி உங்க பெரியப்பா. எவ்வளவு குடிச்சாலும் ஒருநாள் தெருவுல விழுந்ததில்ல. கால் தள்ளாடி நான் பார்த்ததே இல்ல." அதில் ஒரு பெருமை இருந்தது. எங்களுக்கும் அது பெருமையாகவே இருந்தது. தெருமுனையில் விழுந்து கிடப்பவரைப் பார்த்து முகம் சுளித்தோம். விழாத பெரியப்பாவைப் பார்த்து நிம்மதி அடைந்தோம். இன்று அவர் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, கட்டிலில் கிடக்கிறார்.

தோழியரே, விழாமல் நிற்பவர் பலசாலி அல்லர். அவருக்கு எச்சரிக்கை மணி அடிக்கவில்லை, அவ்வளவுதான். குடிக்கு அடிமையான தந்தையரின் மகன்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்களும் இதையே கண்டார்கள். இளமையில் குறைவாகத் தள்ளாடியவர்களே பின்னாளில் அதிகமாகக் குடிக்கு அடிமையானார்கள். கால் தள்ளாடாதபோதும் கல்லீரல் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. இந்த ஒரு செய்தி பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருந்தால்! பெரியம்மா அன்று பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள், பயந்திருப்பார்கள்.

அந்த வேலை என்ன என்பதையும் பார்ப்போம். நம் கல்லீரலில் ஒரு நொதி உண்டு. அது சாராயத்தை, அதாவது எத்தனாலை, அசெட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. அடுத்த நொதி அந்த நஞ்சை அசெட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் உள்ள அமிலமாக மாற்றிவிடுகிறது. ஈயின் உடலிலும் இதே வேலை நடக்கிறது. அதன் நொதி வேறு அமைப்பு உடையது. ஆயினும் தொழில் ஒன்றே. இந்த நொதி இல்லாத ஈ புளித்த பழத்தில் பிழைக்க முடியாமல் மடிகிறது. ஆகவே நொதியே காவலாளி.

ஆனால் அந்தக் காவலாளியே கொலையாளியாக மாறுவதும் உண்டு. 1972இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேறொரு வகை ஆல்கஹாலை ஈக்களுக்குக் கொடுத்தார்கள். நொதி உள்ள ஈக்கள் செத்தன. நொதி இல்லாத ஈக்கள் பிழைத்தன! காரணம், அந்தப் பொருளைக் கொடிய நஞ்சாக மாற்றியதே ஈயின் சொந்த நொதிதான். காவலாளி ஆள் தெரியாமல் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை இது.

இதைப் படித்ததும் எனக்கு மரக்காணம் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். 2023 மே மாதம், நம் திண்டிவனத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள மரக்காணத்துக்கு அருகே, எக்கியார்குப்பம் என்னும் மீனவக் கிராமத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்தன. ஓராண்டு கழித்து, 2024 ஜூன் மாதம், 2019 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் விரைந்ததை நாம் மறக்க முடியுமா?

அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் பொருள். பார்வைக்கும் மணத்துக்கும் எத்தனால் போலவே இருக்கும். வயிற்றில் போன மெத்தனாலை நம் கல்லீரலின் அதே நொதி ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலம் மெல்ல மெல்லச் சேர்ந்து கண் நரம்பைத் தாக்குகிறது. பத்து மில்லி அளவே பார்வையைப் பறிக்கப் போதும். முப்பது மில்லி உயிரையே பறிக்கலாம். மெல்ல நடப்பதால்தான் ஆபத்து அதிகம். குடித்தவர் அன்று இரவு நன்றாகத் தூங்குவார். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். "நேற்றே தெளிந்துவிட்டதே, இது வேறு ஏதோ" என்று வீட்டார் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பே பலரைக் கொல்கிறது.

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த நொதியின் கையைக் கட்டுகிறார்கள். ஃபோமிபிசோல் என்னும் மருந்து நொதியைத் தடுத்துவிடும். மெத்தனால் நஞ்சாக மாறாமல் நிற்கும். பிறகு இரத்தத்தைச் சுத்திகரித்து அதை வெளியேற்றுவார்கள். காவலாளியைத் தடுத்தால் உயிர் பிழைக்கும் என்று அன்று ஈக்கள் காட்டிய அதே கணக்கு! இது மருத்துவமனையில் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே: கண் மங்குகிறது என்ற சொல் காதில் விழுந்த உடனே, ஒரு நிமிடமும் தாமதியாமல், வெட்கப்படாமல், மருத்துவமனைக்கு ஓடுவது.

வெட்கப்படாமல் என்று ஏன் சொல்கிறேன்? நம் ஊரில் குடி என்பது அவமானமாகி, அவமானம் மௌனமாகி விட்டது. மனைவி அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி மறைக்கிறாள். மகள் பள்ளியில் தோழியிடம்கூடச் சொல்வதில்லை. நானும் பெரியப்பாவைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எல்லாம் மரபணு என்றால் குடிப்பவன் மேல் குற்றமே இல்லையா?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. குடிக்கு அடிமையாகும் தன்மையில் சுமார் பாதி பிறப்போடு வருவது என்கிறார்கள். மீதிப் பாதி? அது நம் கையிலும் நம் ஊரின் கையிலும் இருக்கிறது. இறைவன் ஈக்குக் கொடுக்காத ஒன்றை நமக்குக் கொடுத்திருக்கிறார். அது தேர்ந்தெடுக்கும் உரிமை. குழாயினுள் ஈயை மற்றவர் விடுகிறார்கள். மனிதன் தானே நுழைகிறான். முதல் படியிலேயே திரும்பிவிடவும் அவனால் முடியும். ஆனால் பல படிகள் விழுந்துவிட்ட பிறகு, தானாக ஏறி வர எல்லோராலும் முடிவதில்லை. அப்போது அவனுக்கு வேண்டியது சாபம் அன்று; மருந்தும் கைத்தாங்கலும். குடியைப் பாவம் என்பவரும் நோய் என்பவரும் சண்டையிட வேண்டியதில்லை. முதல் கோப்பைக்கு முன் அறிவுரை. அடிமையான பின் சிகிச்சை. இரண்டும் அன்பின் வேலைகளே.

"பாவம், அந்த ஈக்கள்" என்பவரும் உண்டு. எனக்கும் இரக்கம் உண்டு. ஆயினும் எக்கியார்குப்பத்தின் பிள்ளைகளை நினைக்கும்போது, மனிதர் மேல் செய்யக்கூடாத சோதனையை ஈயின் மேல் செய்வது தகும் என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் அப்படிப் பெற்ற அறிவைப் புத்தகத்திலேயே பூட்டி வைத்தால், அந்த ஈக்களுக்கும் நாம் நீதி செய்யவில்லை.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஓரிடத்தில் எத்தனால் தயாரிக்கும் முறை வருகிறது. வேறோர் இடத்தில் மதுவின் தீமைகள் வருகின்றன. இரண்டையும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம். எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மதிப்பெண் வினாவாகவே அறிகிறோம்; அது ஒரு கிராமத்தின் உயிர்க் கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. "குடி குடியைக் கெடுக்கும்" என்ற வாசகம் முன்பு புட்டியின் மேலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் குடித்தார்கள். வாசகம் போதாது, விளக்கம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பேரணியில் பதாகை பிடிப்பதோடு நில்லாமல், நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் ஊர் ஊராகச் சென்று, மெத்தனால் செய்வது என்ன, எந்த அறிகுறி கண்டால் ஓட வேண்டும், விழாதவனுக்கு ஏன் ஆபத்து அதிகம் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சாலமோன் அரசர் சோம்பேறியை எறும்பிடம் அனுப்பினார். நான் சிறியவள், எனக்குத் தெரிந்த வரையில் எல்லோரையும் இந்த ஈயிடம் அனுப்புகிறேன்.

சென்ற மாதம் விழுப்புரம் போயிருந்தபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "உங்க அண்ணன்கிட்டயும் இதைச் சொல்லிட்டுப் போடி" என்றார்கள். அண்ணனுக்கு வயது பத்தொன்பது. அவனும் ஒருமுறைகூட விழுந்ததில்லையாம். சொல்லிவிட்டு வந்தேன்.