தூசியுறிஞ்சும் யந்திரமும் மறந்துபோன தோட்டாவும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை அடுத்து அமைந்துள்ளது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில், முன்னாளில் ராகி விளைந்த நிலங்களில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. கன்னடியர், தமிழர், வடநாட்டவர் எனப் பலரும் குடியேறியுள்ள இவ்வீடுகளில், துடைப்பத்திற்குத் துணையாக மின்சாரத்தால் இயங்கும் தூசியுறிஞ்சும் யந்திரமும் வந்து சேர்ந்துள்ளது. வேக்குவம் கிளீனர் என்றே மக்கள் இதனை வழங்குகின்றனர். துடைப்பம் பிடிப்பவர் தாம் பெருக்குவதைக் கண்ணால் காண்கிறார். யந்திரம் பிடிப்பவரோ கட்டிலின் அடியிலும் பரணின் மூலையிலும் குழலை நீட்டி, உள்ளே செல்வது யாதென அறியாமலே உறிஞ்சுகிறார். அபாயம் இங்குதான் தொடங்குகிறது.

பழைய வீட்டுச் சாமான்களோடு துப்பாக்கித் தோட்டாவும் குடிபெயர்வது வியப்பன்று. படையில் பணியாற்றியவர் நினைவுக்காக வைத்திருந்தது ஒன்று. உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த பாட்டனாரின் பெட்டியில் தங்கியது மற்றொன்று. கருநாடக மாநிலத்திலேயே குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து நெடுங்காலமாக விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டில் அவ்விலக்கு மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. உரியவர் காலமான பின், அவருடைய பொருள்களின் அருமையோ ஆபத்தோ அறியாத பேரப்பிள்ளைகளே பெட்டியைத் திறக்கின்றனர்.

தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதன் வாயில் ஈயக் குண்டும், உள்ளே வெடிமருந்தும், அடிப்பாகத்தில் அடிபட்டவுடன் பற்றிக்கொள்ளும் கலவையும் உள்ளன. சிறுவர் கல்லால் தட்டி வெடிக்கும் பொட்டு வெடியை நினைத்துக்கொண்டால் இக்கலவையின் இயல்பு விளங்கும். பாயிண்டு 22 எனப்படும் சிறு தோட்டாவின் எடை 3 கிராமுக்குச் சற்று மிகுதி. யந்திரம் இதனை எளிதில் இழுத்துவிடும். மேலும், இவ்வகையில் பற்றும் கலவை விளிம்பு முழுவதும் பரவியிருப்பதால், விளிம்பின் எந்த இடத்தில் அடி விழுந்தாலும் வெடிக்கக்கூடும். குப்பை விசிறியின் ஊடே செல்லுமாறு அமைந்த பழைய நிமிர்வகை யந்திரங்களில் சுழலும் இதழே அந்த அடியைக் கொடுக்கலாம். நம் நாட்டில் மிகுதியாக விற்கும் உருளைவகையில் குப்பை முதலில் பையிலேயே தங்கிவிடுவதால், அந்த அபாயம் குறைவு. துப்பாக்கிக் குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவின் குண்டு வெகு வேகமாகப் பாய்வதில்லை. கிழிந்து சிதறும் பித்தளைத் துணுக்குகளே கண்ணைக் கெடுக்க வல்லவை.

தோட்டாவைக் காட்டிலும் அஞ்சத்தக்கது உதிர்ந்த மருந்து. நுண்ணிய தூள் வடிகட்டியைக் கடந்து மோட்டாரை அடைந்தால், அங்கே கரித்துண்டுகள் உராய்வதால் எழும் பொறி காத்திருக்கிறது. எரியாத மருந்து படியும் துப்பாக்கிப் பயிற்சிக் கூடங்களில் சாதாரணத் தூசியுறிஞ்சியைப் பயன்படுத்தலாகாது என்பது இதனாலேயே. சந்தாபுராவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அதே சாலையில், மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி பட்டாசு வாணிபத்துக்குப் பேர்பெற்றது. அங்குள்ள பட்டாசுக் கிடங்கில் 2023 அக்டோபர் 7-ஆம் நாள் மூண்ட தீயில் குறைந்தது 14 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். அத்தகைய கடைகளில் வாங்கிய பட்டாசின் உடைந்த மிச்சம் தீபாவளிக்குப் பின் மாடத்தில் கிடக்குமாயின், நீர் தெளித்து ஈரத் துணியால் எடுக்க வேண்டுமேயன்றி யந்திரத்தைக் கொண்டு உறிஞ்சலாகாது.

இனி, தோட்டாவைக் கண்டெடுத்தவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் அச்சங்கொண்டு குப்பையில் எறிகிறார், அல்லது பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிடுகிறார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி தோட்டா வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது என்பது ஊரறிந்தது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை எக்காரணத்தாலேனும் நீங்கியபின் அதனைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வழி செய்திருப்பதை அறிந்தவர் மிகச் சிலர். தம்மிடம் இருப்பதை உணர்ந்து வைத்திருத்தலே குற்றத்தின் சாரம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே விளக்கியதும் மக்களிடம் சென்று சேரவில்லை. சட்டத்தின் தண்டனை தெரிந்து, சட்டத்தின் வாசல் தெரியாமற் போனது கல்வியின் குறையேயாகும்.

எறியப்பட்ட தோட்டா அழிந்துவிடுவதில்லை. குப்பை பொறுக்கும் சிறுவன் கைக்கோ, உலையின் வாய்க்கோ சென்று சேர்கிறது. 2004 செப்டம்பர் 30 அன்று காஸியாபாத் அருகே சாகிபாபாதில் ஓர் எஃகு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த வெடிபொருள் வெடித்துப் பத்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். யாரோ கழித்துவிட்ட சுமை, கடல் கடந்து யாரோ சிலர்மேல் விழுந்தது. தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் வலிமையில் வேற்றுமை மிகப் பெரிது. கைமாறும் வழி மட்டும் ஒன்றே.

ஆகவே, தோட்டாவை ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளிபோல் வினவாது ஏற்றுக்கொள்ளும் முறையைக் காவல் நிலையங்கள் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். வீட்டுக்கே வந்து பெற்றுச் செல்வது அதனினும் நன்று. 112 என்ற எண்ணை அழைத்தால் போதுமென்ற நிலை வரவேண்டும். களப்பணியாளர் குடியிருப்புச் சங்கங்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் இதனை எடுத்துரைக்கலாம். இலங்கையின் வடபகுதியில், போருக்குப் பின் பள்ளிச் சிறுவர்க்குக் கண்ணிவெடி அபாயக் கல்வி அளிக்கப்பட்டது. தொடாதே, விலகு, பெரியோரிடம் சொல் என்பதே அதன் சாரம். நம் ஆசிரியர்கள் அதனைப் படங்களைக் கொண்டு அரைமணியில் கற்பித்துவிடலாம். மெய்யான தோட்டாவை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டும் ஆர்வம் மட்டும் வேண்டா. யந்திரம் ஓடும்போது குழலில் உலோகம் உருளும் ஓசை கேட்குமானால், உடனே விசையை அணைத்து, செருகியைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துப் பையைத் திறக்க வேண்டும் என்பதையும் அப்பாடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.