நாற்காலியின் பூர்வோத்தரம்

நம் சிநேகிதர் ஒருவருடைய குமாரன் இத்தாலி தேசத்து மிலான் நகரில் உத்தியோகம் பார்த்து வருகிறான். சென்ற மாதம் அவன் தகப்பனாருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். மரமும் தோலும் கொண்ட பழைய சாய்வு நாற்காலியின் படம் அது. கைதேர்ந்த தச்சர் ஒருவர் புதுப்பித்துக் கொடுத்ததாம். அதன் விலையைக் கேட்ட நம் சிநேகிதர், தாம் உட்காருவதற்கு உடனே வேறொரு நாற்காலியைத் தேட வேண்டியவரானார்!

"அந்தப் பணத்துக்கு நம் ஊரில் நாற்பது ஈஸிசேர் வாங்கலாமே, ஸார்!" என்று நம்மிடம் வந்து முறையிட்டார். வாஸ்தவந்தான். ஆயினும் படத்தைப் பார்த்ததும் நமக்குப் பையனிடம் கோபம் வரவில்லை. சில மரக்கோல்கள், அவற்றை இணைக்கும் உலோக மூட்டுகள், இவ்வளவே சட்டம். மேல் நோக்கி நிற்கும் நான்கு முனைகளில், மூலைக்கொரு பை தைத்த தோல் விரிப்பை மாட்டிவிட்டால் ஆசனம் தயார். பஞ்சு இல்லை, வில்கம்பி இல்லை. மடக்கினால் விறகுக் கட்டைப் போல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம்.

தச்சர் செய்த வேலையையும் பையன் விவரமாய் எழுதியிருந்தான். பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, விரிந்த கோலை வஜ்ஜிரம் வைத்து ஒட்டி, அரக்கு மெருகு கொடுத்தாராம். தோல்தான் பிழைக்கவில்லை. உடலின் பாரம் முழுவதும் மூலைப் பைகளில் தொங்குகிறதல்லவா? அந்த இடத்தில் தோல் வறண்டு வெடித்திருந்தபடியால் புதுத் தோல் மாட்ட நேர்ந்தது. மரத்தைக் காப்பாற்ற முடிந்தது. தோலை மாற்ற வேண்டியதாயிற்று.

நிற்க. இந்த நாற்காலிக்குத் 'திரிபோலினா' என்று பெயர். பெண் குழந்தைக்குச் சூட்டலாம் போன்ற இனிய பெயர்தான். ஆனால் அதன் பூர்வோத்தரம் அவ்வளவு இனியதன்று. 1877-ல் பென்பி என்னும் ஆங்கிலேயர் இவ்வமைப்புக்கு உரிமை பதிவு செய்தார். முகாம் வாழ்வுக்கு வெகு சௌகரியமான ஆசனம். 1930-களில் இத்தாலியர் இதனைச் செய்து, லிபியாவின் தலைநகரான திரிபோலியின் பெயரை இட்டார்கள்.

திரிபோலி இத்தாலியருக்கு எப்படி உரியதாயிற்று? 1911-ல் துருக்கியரோடு போர் தொடுத்து அதைக் கைப்பற்றினார்கள். அந்நாட்டு மக்கள் பணிந்துவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர்களுக்குத் தலைமை வகித்துப் போராடியவர் உமர் முக்தார். அவர் சேனாபதியாகப் பிறந்தவரல்லர். குழந்தைகளுக்குக் குர்ஆன் கற்பித்த உபாத்தியாயர். நம் தொழிலைச் சேர்ந்தவர்! 1930-ல் கிழக்கு லிபியாவின் மக்களில் சுமார் ஒரு லட்சம் பேரை இத்தாலிய ராணுவம் முள்வேலி முகாம்களில் அடைத்தது. பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். எழுபது வயதைக் கடந்த அந்த ஆசிரியரை, 1931 செப்டம்பர் 16-ந் தேதி, கூட்டி வைக்கப்பட்ட ஜனங்களின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள்.

இத்தாலியரின் ஆட்சி 1943-ல் ஒழிந்தது. 1951-ல் லிபியா சுதந்திரம் அடைந்தது. நாற்காலியின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"அப்படியானால் அதைத் தூக்கி எறியச் சொல்லட்டுமா?" என்று சிநேகிதர் ஆவலோடு கேட்டார். வேண்டாம் என்றோம். மரம் யாருக்கும் தீங்கிழைக்கவில்லை. செப்பனிட்ட தச்சரோ நல்ல தொழிலாளி. ஆனால் பழுது பார்ப்பதென்பது மெருகு பூசுவதோடு முடிந்துவிடாது. இத்தாலி சர்க்காரே 2008-ல் பென்காசி நகரில் உடன்படிக்கை செய்து, பழைய ஆட்சியின் தீங்குகளுக்கு ஈடாக இருபது ஆண்டுகளில் 500 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. சர்க்காருக்கே தோன்றிய கடமை நாற்காலியில் சாய்பவருக்குத் தோன்றலாகாதா? நடந்ததை மறவாமல் சாயட்டும் என்று எழுதச் சொன்னோம்.

பையனிடமிருந்து பதில் வந்துவிட்டது. வருகிறவர்கள் முன்பெல்லாம் நாற்காலியின் விலையைத்தான் விசாரிப்பார்களாம். இப்போது அவன் முதலில் அந்த உபாத்தியாயரின் கதையைச் சொல்கிறானாம். கேட்ட பிறகு ஒருவரும் விலையை விசாரிப்பதில்லையாம்.

"அந்த மட்டில் க்ஷேமம்!" என்றார் நம் சிநேகிதர்.