சத்திரசிகிச்சை இலவசம், அதற்குப் பின்?

நம் நாட்டில் வைத்தியம் இலவசம் என்று மேடைதோறும் பெருமை பேசப்படுகிறது. அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களை வாரிக்கொண்டு போனபோது, மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குள் நடந்தவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் முன்னின்றார்கள். நாட்டுப்புறத்துக்கும் வைத்தியசாலை வேண்டும் என்ற குரல் அந்தச் சாவுகளின் நடுவே வலுப்பெற்றது. எந்தத் துரையும் இரங்கிப் போட்ட பிச்சையன்று இலவச வைத்தியம். உழைக்கும் மக்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. உரிமையாதலால், அது எவ்விடத்தில் அறுந்து தொங்குகிறது என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. வன்னிப் பெருநிலத்தில் நின்றுகொண்டு, ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை என்ற ஒன்றை எடுத்துவைத்து அக்கேள்வியை நாம் கேட்கிறோம்.

ஈரல் வலப்புற விலா எலும்புகளின் கீழே இருப்பது. வளர்ந்தவரிடத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுடையது. உண்டதன் சத்தைச் சேமிப்பதும், நஞ்சை முறிப்பதும், பித்தத்தைச் சுரப்பதும், இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்குவதும் அதன் தொழில். வெட்டுண்டாலும் மீண்டும் வளரும் வல்லமை அதற்கு உண்டு. ஆயினும் மதுவாலோ, ஹெப்பற்றைற்றிஸ் பி, சி வைரசுகளாலோ, மிகுந்த கொழுப்பாலோ ஆண்டுக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறிப் போன ஈரல் அவ்வல்லமையை இழந்துவிடுகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது, வாயால் இரத்தம் வருகிறது, அறிவு மயங்குகிறது. சிறுநீரகம் பழுதானால் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்து ஆண்டுக்கணக்கில் உயிரைத் தாங்கலாம். ஈரலின் வேலையை அவ்வாறு ஆண்டுக்கணக்கில் செய்யும் இயந்திரம் இல்லை. முற்றாகச் செயலிழந்தவருக்கு மாற்று ஈரல் ஒன்றே வழி.

அவ்வழியை விஞ்ஞானம் எளிதில் கண்டுவிடவில்லை. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ரார்சல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு ஈரல் மாற்ற முயன்றபோது, குழந்தை சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தது. 1967இல் ஈரல் மாற்றப்பெற்ற ஒரு குழந்தைதான் ஓராண்டைக் கடந்து வாழ்ந்தது. புதிய ஈரலை அந்நியப் பொருளென்று கருதி உடல் எதிர்ப்பதே பெரும் இடராக இருந்தது. அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகளுள் இன்று முதன்மையானது டக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானின் ட்சுகுபாப் பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இன்று தேர்ந்த நிலையங்களில் மாற்று ஈரல் பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் முதலாண்டைக் கடந்து வாழ்கின்றனர். இலங்கையிலும் இச்சிகிச்சை நடைமுறைக்கு வந்துவிட்டது. ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் 2020இல் ஒரு சிறுவனுக்கு ஈரல் மாற்றப்பட்டது. அது அரச வைத்தியசாலை. இதனைச் சாதித்த வைத்தியருக்கும் தாதியருக்கும் நம் வணக்கம்.

ஆனால் கத்தியின் வேலை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பழைய ஈரலை அகற்றிப் புதியதன் நாளங்களையும் பித்தக்குழாயையும் பொருத்துவதற்குப் பத்து மணித்தியாலம் அளவில் ஆகலாம். பின்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள். விடுதியில் இரண்டு மூன்று கிழமை. அதன்பின் தொடங்குவதே பெரும்பகுதி. காலையும் மாலையும் நேரந்தவறாது மருந்து உட்கொள்ள வேண்டும், அதுவும் உயிருள்ளவரை. மருந்து குறைந்தால் உடல் ஈரலை எதிர்க்கும். கூடினால் சிறுநீரகம் பழுதுறும், நீரிழிவு தலைகாட்டும். ஆதலால் இரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். முதல் மாதங்களில் அடிக்கடி, பின்னர் இடைவெளி விட்டு. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிய உடலுக்குச் சிறு காய்ச்சலும் அவசர நோயே. கொதித்தாறிய நீர், நன்கு வெந்த உணவு, சனநெரிசலிலிருந்து விலகல் என்று வாழ்வு முழுவதும் புதிய ஒழுங்குக்கு வந்தாக வேண்டும்.

இந்த ஒழுங்கைத் துணுக்காயில் ஒரு விவசாயியின் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். மூளைச்சாவு அடைந்தவரின் ஈரல் கிடைக்காதபோது, உறவினர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியை அளிக்கலாம். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சில மாதங்களில் அது வளர்ந்துவிடும். அண்ணனுக்குத் தம்பி கொடுக்கிறான் என்று கொள்வோம். ஒரே குடும்பத்தில் இருவர் பாயில் கிடப்பர். கொடுத்தவனும் இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கலாகாது. காலபோக விதைப்பு யாருக்காகக் காத்திருக்கும்? நாட்கூலிக்குப் போகிறவனுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கும் முதலாளி எங்கே இருக்கிறார்? குணமடைந்த பின்னும் வயற்சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் காத்திருக்கிறது. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. 'வெயிலிலும் சேற்றிலும் வேலை செய்யாதே' என்று வைத்தியர் சொல்வது சரியே. வேறு வேலை எது என்று சொல்லும் பொறுப்பு யாருடையது?

வழியை எண்ணுவோம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்தில் ஏ9 வீதியை அடைவதற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் கடக்க வேண்டும். நெரிசலை விலக்கு என்று அறிவுறுத்தப்பட்ட நோயாளி, இருமுவோர் நடுவே இரவெல்லாம் பஸ்ஸில் இருந்து, விடியலில் வரிசையில் நிற்கிறார். உயிரைக் காக்கும் பரிசோதனைக்காக உயிரைப் பணயம் வைக்கும் பயணம்! துணைக்கு ஒருவர் போக வேண்டும். போரிலே துணைவரை இழந்து தனியே குடும்பம் சுமக்கும் பெண்கள் நிறைந்த இம்மண்ணில், அந்தத் துணை யார்? கட்டணம் இல்லை என்று பலகை மாட்டியவர்கள் பஸ் கட்டணத்தையும், தங்குமிட வாடகையையும், இழந்த கூலியையும் எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

இனித் தண்ணீர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டபோது, நீரின் வழி பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ மஞ்சட்காமாலை அங்கே பரவியதை நம் மக்கள் மறக்கவில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டுவிட்டது. சிறுநீரகத்தை நெருக்கும் மருந்தை வாழ்நாளெல்லாம் உண்ண வேண்டியவருக்கு இத்தகைய மண்ணில் நல்ல நீரும் இடையறாத பரிசோதனையும் மருந்துக்குச் சமம்.

மருந்தாவது தடையின்றி வருமா? 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. சத்திரசிகிச்சையைச் சில கிழமை ஒத்திவைக்கலாம். மாற்று ஈரலுடன் வாழ்பவர் தம் மாலை மருந்தை ஒத்திவைக்க முடியுமா?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த மாத்திரை எப்போது, எந்தக் குறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்னும் அறிவுறுத்தல் நோயாளிக்கு விளங்காவிட்டால் அத்தனை பேருழைப்பும் வீணாகும். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தது 19ஆம் நூற்றாண்டில். உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டது 1852இல். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இத்தனைக்கும் பின்னர், தமிழ் நோயாளி தம் உயிர் பற்றிய தாளை இன்னொருவர் வாசித்துச் சொல்லக் கேட்கும் நிலை எங்கு நேர்ந்தாலும் அது வெட்கக்கேடு.

நம்மை மறுப்போர் இரு திறத்தார். 'குடித்துக் கெடுத்த ஈரலுக்குப் பொதுப்பணமா?' என்பார் ஒரு சாரார். ஒரு துளி மதுவும் தொடாதவரையும் கொழுப்பு ஈரல் நோய் வீழ்த்துவதை அவர்கள் அறிவார்களாக. அன்றியும், மதுவரியால் கஜானாவை நிரப்பும் அரசு, அதே மதுவால் வீழ்ந்தவனைப் பார்த்து ஒழுக்கம் போதிப்பது எந்த நீதி? போரும் இழப்பும் வேலையின்மையும் தள்ளிவிட்ட இடத்தில் கசிப்புப் போத்தலை நீட்டுபவன் யார் என்று முதலில் விசாரிப்போம்.

மற்றொரு சாரார் நம் தோழர்களே. 'குழந்தைக்கு நல்ல நீரில்லை, தாய்க்குத் தாதியில்லை. இந்நிலையில் ஈரல் மாற்றுப் பேச்சு ஆடம்பரமன்றோ?' என்கிறார்கள். இக்கேள்வியின் நேர்மையை மதிக்கிறோம், முடிவை மறுக்கிறோம். மாற்று ஈரலுடன் ஒருவர் வன்னியில் வாழ வேண்டுமாயின் என்ன வேண்டும்? சுத்தமான நீர், அருகில் ஆய்வுகூடம், அறாத மருந்து, நேரத்துக்கு ஓடும் வாகனம், தம் மொழியில் பேசும் தாதி. இவற்றுள் எது அந்தக் குழந்தைக்கும் தாய்க்கும் வேண்டாதது? பெருநோய்க்குரிய சிகிச்சை நகரத்தாருக்கு, பாட்டாளிக்குப் பனடோல் போதும் என்று நாமே வகுத்துவிட்டால், எதிரி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து முடித்தவர்கள் ஆவோம்.

ஆதலால் நாம் கேட்பவை தெளிவானவை. சத்திரசிகிச்சை ஓரிடத்தில் நடக்கட்டும். தொடர்கண்காணிப்பு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்க வேண்டும். இரத்த மாதிரி பயணம் செய்யட்டும், நோயாளி பயணம் செய்ய வேண்டாம். எதிர்ப்பை அடக்கும் மருந்துக்கு மாவட்டந்தோறும் கையிருப்பு வேண்டும். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் குணமடையும் காலத்துக்குரிய வாழ்வூதியம் வேண்டும். அறிவுறுத்தல் அனைத்தும் தமிழில் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஈரல் என்ற பாடம் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு படத்தோடு முடிந்துவிட வேண்டாம். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி 2003 முதல் நம் குழந்தைகளுக்கு ஏற்றப்படுவதன் பொருளை வகுப்பில் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தவரை வேப்பிலைக்கும் மந்திரத்துக்கும் விட்டுவிடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கிராமத்தில் மாதந்தோறும் கொழும்புக்குக் கிளினிக் போகிறவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு பயணத்துக்கும் அவர்கள் செலவிடுவது எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சுகாதார அதிகாரிகளின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். 'இலவசம்' என்ற சொல்லுக்கு நாம் கேட்கும் விளக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.