குளத்தில் குளித்தானா என்று கேளுங்கள்

கேரளத்தில் 2024 மே மாதம் மலப்புரம் மாவட்டச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஜூனில் கண்ணூர்ச் சிறுமி. ஜூலையில் கோழிக்கோட்டுச் சிறுவன். மூவரின் மூளையையும் தாக்கியது நன்னீரில் வாழும் அமீபா. அதே ஜூலையில் பய்யோளிப் பக்கத்து 14 வயதுச் சிறுவன் பிழைத்தான். மகன் குளத்தில் குளித்ததைத் தந்தை மருத்துவரிடம் தாமாகவே சொன்னதால் சிகிச்சை உடனே தொடங்கியது.

இதைக் காவிரி டெல்டாவில் சொன்னால், "காலங்காலமா குளத்துலதான் குளிக்கிறோம், என்ன ஆயிடுச்சு?" என்பார்கள். பாதி நியாயம். நோய் மிக அரிது. தண்ணீரைக் குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா, மூக்கில் ஏறும் நீரோடு போய், மணம் அறியும் நரம்பு வழியே மூளைக்குள் நுழைந்தால்தான் ஆபத்து.

ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு எல்லாம் பாக்டீரியா மூளைக்காய்ச்சலைப் போலவே இருக்கும். முதுகுத் தண்டு நீரின் ஆய்வு முடிவும் அப்படியே ஏமாற்றும். வழக்கமான சாயப் பரிசோதனையில் அமீபா பிடிபடாது. எடுத்த நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், சுடச்சுட ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஊர்வது தெரியும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கேரளம் 2024இல் நெறிமுறை வகுத்துத் தேடத் தொடங்கிய பிறகே அங்கே நோயாளிகள் கூடுதலாகத் தெரியவந்தார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மருத்துவமனைகளில் காரணம் தெரியாத ஒவ்வொரு மூளைக்காய்ச்சலுக்கும் இந்தத் துளியைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

இந்த அமீபாவுக்குச் சூடு பிடிக்கும். 46 டிகிரி வரை தாங்கும். சித்திரை, வைகாசியில் நம் குளங்கள் முழங்கால் அளவுக்கு வற்றிச் சேறு கலங்கிக் கிடக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து நீர் வந்தால் ஓரளவு விடிவு. 2024இலோ ஜூலை 28 வரை காத்திருந்தோம்.

இதற்காகக் குளத்தைப் பூட்டச் சொல்வதை ஏற்க முடியாது. ஆறும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் நீச்சல் தெரியாத பிள்ளைகள் வளர்ந்தால் போகும் உயிர்கள் இன்னும் அதிகம். குளோரின் கொட்டுவதும் வெறும் சடங்கு: சேற்றுக் குளத்தில் அதன் வீரியம் நிற்காது, மீன் குத்தகைக்காரரும் விடமாட்டார். கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் நீச்சல் குளத்துக்கும் அது அவசியம். குளத்துக்கு வேண்டியது கோடைக்கு முன் தூர்வாரலும், வற்றிய நாள்களில் தலைகீழாகப் பாயாதே, சேற்றைக் கலக்காதே, மூக்கைப் பொத்திக்கொள் என்று பள்ளியிலேயே சொல்வதும்.

அறிகுறி தோன்றிய பிறகு ஒரு வாரம்கூடக் கிடைப்பது அரிது; மருந்துக் கொள்முதல் கோப்பு அதற்குள் ஒரு மேசையைக்கூடத் தாண்டாது. ஆம்போடெரிசின் பி, பீகாரில் காலா அசார் நோய்க்குக் கொடுத்துப் பழகிய மில்டெஃபோசின் ஆகிய இரண்டும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் எப்போதும் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிச் சீட்டில், கடந்த இரண்டு வாரத்தில் குளத்தில் குளித்தாரா என்ற ஒரு வரியை அச்சிட அரசாணைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. மாவட்டச் சுகாதார அலுவலர் இந்தப் பங்குனிக்குள் செய்துவிடலாம்.